ஏச்சுக்குப் பயந்து மறைத்த செய்தி

1996இல் புத்தளம் மாவட்ட இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியதை நாம் அறிவோம். ஒல்லாந்தர் கால்வாயில் நீரெடுத்து, கழிவுநீரையும் அங்கேயே விட்டதால் நோய் எளிதாகப் பரவியது. இதில் முகாமைத்துவப் பாடமொன்றும் உண்டு.

இறால் தீனியெடுக்காமல் குளக்கரையில் ஒதுங்குவதை முதலில் காண்பவர் இராக்காவல் தொழிலாளியே. செய்தி சொன்னவரையே ஏசி, நட்டத்தைச் சம்பளத்தில் வெட்டுவது முகாமையாளரின் வழக்கமானால் அவர் வாய் திறப்பாரா? செத்ததை அள்ளிப் புதைத்துவிட்டுப் பேசாமலிருப்பார். (முதலாளி கொழும்பிலிருந்தால் கேட்கவே வேண்டாம்!) அதற்கிடையில் மதகு திறந்தால் நோய்நீர் அயல் பண்ணைக்கும் போய்விடும். வேலை பறிபோகுமோ என்ற ஏக்கத்தில் அவருக்கு உறக்கமுமில்லை. வீட்டில் எரிந்து விழுகிறார்.

கலந்துரையாட: நமது பண்ணையில், சங்கத்தில், கெட்ட செய்தியைக் கடைசியாக நம்மிடம் துணிந்து சொன்னவர் யார்? அவருக்கு நாம் என்ன செய்தோம்?