பழைய வாக்குவம் கிளீனருக்கு எந்தக் குழாய் பொருந்தும்?

கேள்வி: எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனருக்கு வயது இருபதுக்கு மேல். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் முன்போல் இழுக்கவில்லை. வளைகுழாயில் கைப்பிடி சேரும் இடத்தில் விரிசல் வேறு. "அந்த மாடல் நின்றுபோச்சும்மா, ஸ்பேர் வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார் சர்வீஸ்காரர். ஆன்லைனில் "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று 12 பிரஷ் கொண்ட செட் ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: செட் இருக்கட்டும் அம்மா. இழுவை எங்கே குறைகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். குழாயைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிட்டு, அதன் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டால் மெஷினில் குறையில்லை. கோளாறு குழாயிலோ பிரஷ்ஷிலோ இருக்கிறது. குழாயைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்து ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். மறுமுனையில் வந்து விழவில்லையென்றால் தலைமுடியும் நூலும் சுருண்டு நடுவில் அடைத்துக்கொண்டிருக்கின்றன. துணி காயப்போடும் கம்பை உள்ளே விட்டுத் தள்ளாதீர்கள், குழாய் கிழியும். இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, மறுமுனையிலிருந்து இழுக்கவிட்டாலே பெரும்பாலும் வந்துவிடும்.

மெஷின் வாயிலேயே இழுவை இல்லையென்றால் பை, ஃபில்டர், மூடியின் ரப்பர் என்ற வரிசையில் பாருங்கள். நம் வீடுகளில் முதல் குற்றவாளி பைதான். துணிப்பையைத் தட்டி உதறியதும் சுத்தமாகிவிட்டதாகத் தெரியும். ஆனால் கோலமாவு, விபூதி, முகப்பவுடர் போன்ற நைசான தூள் நெசவின் கண்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும், உதறினாலும் வராது. பையைத் திருப்பிப்போட்டு அலசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அடுத்த தடவை தூசி சேறாகி ஒட்டிக்கொள்ளும். காகிதப் பை என்றால் துவைக்கவும் கூடாது, கொட்டிவிட்டுத் திரும்பப் போடவும் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததுமே தூக்கிப் போடுவதற்கென்றே செய்தது அது. புதுப் பை வாங்கும்போது பையின் நீள அகலம் அவ்வளவு முக்கியமில்லை. அதன் முகப்பில் இருக்கும் அட்டையின் அளவும், அட்டை ஓட்டையின் விட்டமும் சரியாக இருக்க வேண்டும். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பைக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். விரலால் அமுக்கினால் தூளாக உதிர்கிறதா? அதன் காலம் முடிந்துவிட்டது. ஈரப்பதம் உள்ள ஊர்களில் அந்த ஸ்பாஞ்ச் சீக்கிரம் மக்கும். "அது இல்லாமலும் ஓடுகிறதே" என்று விட்டுவிடாதீர்கள். உலர்ந்த குப்பைக்கான மெஷின்களில் உறிஞ்சிய காற்றுதான் மோட்டாரைச் சுற்றி ஓடி அதைக் குளிரவைக்கிறது. ஃபில்டர் இல்லையென்றால் தூசி நேரே காயிலுக்குப் போகும். அதே கனத்தில் ஸ்பாஞ்ச் வாங்கி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். வாயை வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். மெத்தை ஸ்பாஞ்ச் அப்படிப் போகவிடாது.

சத்தத்தையும் கவனியுங்கள். அடைப்பு விழுந்தால் மெஷின் குரல் கீச்சென்று உயரும். மோட்டார் திணறுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறானது. தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் விசிறிக்குச் சுமை குறைந்து, அது வேகமாகச் சுற்றுகிறது. அதனால் கெடுதல் இல்லையா என்றால், இருக்கிறது. குளிரவைக்கும் காற்றும் அதே காற்றுதானே! கீச்சுக் குரலோடு பத்து நிமிடம் ஓடவிட்டால் மோட்டார் சூடேறிவிடும். தானாக நின்று, அரைமணி கழித்துத் தானாக ஓடினால் உள்ளே இருக்கும் சூட்டுக் காப்பு வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் விரிசல். கைப்பிடி பக்கம்தான் விரிந்திருக்கிறது என்றால் புதுக் குழாயே தேவைப்படாது. விரிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் குழாயைப் பழைய கைப்பிடிக்குள் திருகி ஏற்றிவிடலாம். பல மாடல்களில் கைப்பிடியின் உட்புறத்தில் மரை இருக்கும். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரு பக்கம் வரவில்லையென்றால் பலம் காட்டாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். குழாய் ஒரு சாண் குட்டையாகும், அவ்வளவுதான்.

குழாய், பிரஷ் எதை வாங்குவதானாலும் கடையில் மாடல் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள். வீட்டு மெஷின்களில் அதிகம் புழங்குபவை இரண்டே அளவுகள்: 32 மி.மீ., 35 மி.மீ. வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். பிரஷ் போய் உட்காரும் இடத்தில் நீட்டுக்குழாயின் வெளிப்புறத்தை நூலால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 10 செ.மீ.யை ஒட்டி வந்தால் 32, 11 செ.மீ. வந்தால் 35. குழாய் முனை சற்றே கூம்பலாகப் போவதால் நுனியில் அளக்காமல், பிரஷ் இறுகி நிற்கும் கோட்டில் அளக்க வேண்டும். 35 அளவு பிரஷ்ஷை 32 குழாயில் மாட்ட அடாப்டர் கிடைக்கிறது. அவசரத்துக்கு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினாலும் நிற்கும். 32 பிரஷ்ஷை 35 குழாயில் ஏற்ற அந்தக் குறுக்குவழி இல்லை. பட்டனை அமுக்கிப் பூட்டும் முனை என்றால் மட்டும், அதே கம்பெனியின் பழைய பாகத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

இப்போது அந்த 12 பிரஷ் செட். உங்கள் மெஷினின் வயதுள்ளவை பெரும்பாலும் வாசலில் டை கட்டிய இளைஞர் வந்து, மெத்தையிலிருந்து தூசியை எடுத்துக் காட்டி விற்றவை. 1982இல் தொடங்கிய யூரேகா ஃபோர்ப்ஸ் இப்படி வீடு வீடாக விற்றுத்தான் தமிழ்நாட்டுக் கூடங்களுக்குள் வாக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தது. அப்போதே ஒரு பெட்டி நிறையப் பிரஷ் கொடுத்திருப்பார்கள். பரணில் தேடுங்கள், பாதி பிரிக்காமலே கிடக்கும்.

இல்லையென்றால் மூன்று மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். டைல்ஸ், மொசைக் தரைக்கு மென்மையான மயிர் வைத்த அகலமான பிரஷ். சோபா இடுக்குக்கும் ஜன்னல் தண்டவாளத்துக்கும் ஒடுங்கிய மூக்கு. புத்தக அலமாரிக்குச் சின்ன வட்ட பிரஷ். செட்டில் பளபளப்பாக இருக்கும் டர்போ பிரஷ்ஷில் ஆசை வைக்க வேண்டாம். அதன் உருளையைச் சுற்றவைப்பது காற்றோட்டம்தான். இழுவை குறைந்த பழைய மெஷினில் அது தரையில் அழுந்தியதும் நின்றுவிடும். கம்பளமே விரிக்காத வீட்டில் அதற்கு வேலையும் இல்லை.

எக்ஸ்சேஞ்ச் கடையில் வாட் கணக்கைக் காட்டினால் மயங்காதீர்கள். வாட் என்பது மெஷின் தின்னும் கரண்ட். இழுக்கும் பலம் அல்ல. ஐரோப்பிய யூனியனில் 2014 செப்டம்பரிலிருந்து 1600 வாட்டுக்கும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கும் மேற்பட்ட வீட்டு வாக்குவம் கிளீனர்களைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பியபோது சாமான்களுடன் ஒரு வாக்குவம் கிளீனரும் வந்தது. இங்கே ஓடுமா? அதற்குப் பிரஷ் இங்கே கிடைக்குமா?
வாசகர், திருச்சி

பதில்: பிரஷ் கிடைக்கும் ஐயா, கவலை கரண்டைப் பற்றித்தான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் மோட்டார் சில விநாடிகளில் போய்விடும். மெஷினின் அடியில் 12 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 1440 வாட். அதற்கு 2000 வாட் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவதற்குத் துடைப்பமே மேல். ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் இருந்தால் ஓட்டலாம். 60 சைக்கிள், 50 சைக்கிள் வித்தியாசம் இந்த வகை மோட்டாரைப் பாதிக்காது.

அங்கே ஒன்றேகால் அங்குலம் என்று சொல்லும் குழாய் 31.75 மி.மீ., அதாவது நம் 32தான். சாதாரண பிரஷ்கள் அப்படியே பொருந்தும். ஒரே எச்சரிக்கை: தரை பிரஷ்ஷுக்குள் தனி மோட்டார் உள்ள மாடல் என்றால் வளைகுழாய்க்குள்ளேயே மின்கம்பி ஓடுகிறது. அந்தக் குழாயை வெட்டி ஒட்டும் வேலையில் இறங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு வீசிங். பழைய மெஷினில் ஹெப்பா ஃபில்டர் வாங்கிப் போட்டால் சரியாகுமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. "ஹெப்பா டைப்" என்று அட்டையில் போட்டிருப்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. அசல் ஹெப்பாவே வாங்கினாலும், பழைய மெஷினில் மூடியின் ரப்பர் இறுகிப்போய், காற்று ஃபில்டருக்குள் போகாமல் ஓரமாக வெளியே தப்பிவிடும். அதோடு, அவ்வளவு நெருக்கமான ஃபில்டர் இழுவையையும் குறைக்கும். உங்கள் பணத்தை மூடி ரப்பருக்கும், பல அடுக்கு மைக்ரோஃபைபர் பைக்கும் செலவிடுங்கள். துணிப்பையை வீட்டுக்குள் உதறுவதுதான் இருப்பதிலேயே பெரிய தீங்கு. மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் சுத்தம் செய்து, பையை வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் தொந்தரவு தொடர்ந்தால், உடம்பு முழுக்க சீல் செய்த புது மெஷின் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பழசின் கட்சி இல்லை.

கேள்வி: ஓடும்போது மோட்டார் பக்கம் பொறி பறக்கிறது, கருகல் வாடை வருகிறது. மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், மதுரை

பதில்: முதலில் கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள். மிக்ஸியில் இருப்பதுபோல இதிலும் இரண்டு கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும். சின்ன நீலப் பொறி சகஜம். ஆர்மேச்சரைச் சுற்றி நெருப்பு வளையம்போலத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையிலும், டிரில்லிங் மெஷின் ஸ்பேர் கடையிலும் கார்பன் கிடைக்கும். பழையதைக் கொண்டுபோய் அகலமும் கனமும் அச்சாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியதும் குழாய், பிரஷ் எதுவும் மாட்டாமல் சில நிமிடம் ஓடவிட்டால் கார்பன் நன்றாகப் பதிந்துகொள்ளும்.

பொறியோடு கிரீச் சத்தமும் இருந்தால் பேரிங் போயிருக்கலாம். பல மோட்டார்களில் அது 608 எண் பேரிங். ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகள் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால்தான் மோட்டாரை மாற்ற வேண்டும். அப்போது வாட்டோடு மோட்டாரின் விட்டமும் உயரமும் ஒத்துவர வேண்டும். மொத்தச் செலவு புது மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நீட்டுக்குழாய் உடைந்துவிட்டது. பி.வி.சி. பைப் போடலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: போடலாம். பம்புசெட்டுக்குப் போடும் 32 மி.மீ. பி.வி.சி. பைப்பின் வெளி விட்டமும் 32தான். வெட்டிய முனையை உள்ளும் புறமும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் முடி சிக்கும். கூம்பல் இல்லாததால் பிரஷ் கழன்று விழும்; அதற்கு ஒரு சுற்று டேப். வெயில் காலத்தில் உலர்ந்த தூசி ஓடும்போது கையில் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கலாம். அது உராய்வில் வரும் நிலைமின்சாரம், வயரிங் கோளாறு இல்லை.