ஓர் ஆய்வு மாணவரின் ஏடு

அமெரிக்காவில் 1957-இல் தோன்றிய ஆப்பிரிக்க ஆய்வுக் கழகம், தன் மாநாட்டில் ஆய்வு மாணவர்கள் படிக்கும் கட்டுரைகளுள் சிறந்ததற்குப் பரிசு வழங்கி வருகிறது. மாணவர் எழுத்துக்கு இத்துணை மதிப்பு எதற்கு? கென்னத் டைக்கேயின் ஆய்வேட்டை அறிந்தவர் இவ்வாறு வினவமாட்டார்.

டைக்கே 1917-இல் நைஜீரியாவில் பிறந்தவர், இலண்டனில் பயின்றவர். எழுத்து ஆவணம் இல்லாத மக்களுக்கு வரலாறும் இல்லை என்று அறிஞர் பலர் கருதிய காலம் அது. ஆப்பிரிக்க வரலாறு என்ற பெயரில், அங்கு ஐரோப்பியர் செய்தவையே பெரும்பாலும் கற்பிக்கப்பட்டன. டைக்கே, நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் 19-ஆம் நூற்றாண்டில் நடைபெற்ற வணிகத்தை ஆராய்ந்தார். ஆங்கிலேயரின் பதிவேடுகளோடு, கழிமுக மக்களிடையே வழிவழியாக வழங்கிவந்த வாய்மொழிச் செய்திகளையும் சான்றாகக் கொண்டார்.

அவ்வேட்டில் ஆப்பிரிக்கர் வெறும் பார்வையாளர் அல்லர். எண்ணெய்ப்பனையின் எண்ணெயை (நம் கடைகளில் பாமாயில் என விற்பது இதுவே) உள்நாட்டிலிருந்து திரட்டிக் கப்பல்களுக்கு விற்றவர்கள் கழிமுக வணிகர்களே. அவர்களுள் ஒருவரான ஜாஜா, அடிமையாய் இருந்து உயர்ந்து, 1869-இல் ஒப்போபோ என்னும் அரசையே நிறுவினார்.

அவ்வேட்டிற்கு 1950-இல் முனைவர் பட்டம் கிடைத்தது; 1956-இல் அது நூலாயிற்று. பின்னர் டைக்கே, இபாதான் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

செயல்பாடு: உங்கள் ஊர்ச் சந்தை தோன்றிய வரலாற்றை முதியவர் இருவரிடம் தனித்தனியே கேட்டு எழுதுக. அவர்கள் கூற்று வேறுபடும் இடங்களை அடிக்கோடிடுக.