வாயில் தொடங்கும் செரிமானம்

மாட்டுச் சந்தைக்குக் காளை பிடிக்கச் செல்லும் உழவர் முதலில் அதன் வாயைத் திறந்து, எத்தனை பல் போட்டிருக்கிறது என்று பார்க்கின்றார். பல் தேய்ந்த மாடு தீனியைச் சரிவர அரைக்காது. அரைக்காத மாடு உடல் தேறாது. இது அவர் அறிந்த செய்தி. தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கலாகாது என்பது வழக்கு. நம்முடைய பற்களும் விலையின்றி வந்தவை என்பதனாலோ என்னவோ, அவற்றை நாம் பார்ப்பதேயில்லை. வலி கண்ட பிறகே நினைக்கின்றோம்.

உணவு செரிப்பது இரைப்பையில் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வேலை வாயிலேயே தொடங்கிவிடுகின்றது. வளர்ந்தவர் வாயில், ஞானப்பற்களையும் சேர்த்து, 32 பற்கள் உள்ளன. முன்னுள்ள 8 வெட்டுப்பற்கள் உணவைத் துண்டிக்கின்றன. அவற்றை அடுத்த 4 கோரைப்பற்கள் கிழிக்கின்றன. பின்னுள்ள 20 பற்களும் நசுக்கி அரைக்கின்றன. ஆட்டுக்கல்லில் ஒரு கை குழவியைச் சுழற்ற, மறு கை மாவைத் தள்ளிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த மறு கையின் வேலையை வாயில் நாக்கும் கன்னமும் செய்கின்றன.

அரைப்பதனால் வரும் ஆதாயத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள சதுரமான தேங்காய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்குகளாக்கினால் 1,000 துணுக்குகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். தேங்காய் கூடவில்லை, செரிமான நீர்கள் தொடக்கூடிய பரப்பு மட்டும் பத்து மடங்காகிவிட்டது. கட்டியை உடைக்காமல் விதைக்கும் உழவர் உண்டோ?

நிலக்கடலை போன்றவற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. அவற்றின் எண்ணெயும் புரதமும் நுண்ணிய அறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. அவ்வறைகளின் சுவரைக் கரைக்கும் நீர் மனிதக் குடலில் சுரப்பதில்லை. மாடு உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசை போடுகின்றது. பல்லில்லாத கோழி சிறு கற்களை விழுங்கித் தன் அரைவைப் பையில் அரைத்துக்கொள்கின்றது. நமக்கோ அந்த இரண்டு வசதியும் இல்லை. சுவரை உடைக்கப் பற்களே உள்ளன. மெல்லாது விழுங்கிய கடலையின் எண்ணெயில் ஒரு பகுதி, காசு கொடுத்து வாங்கியும் உடலில் சேராமலே வெளியேறுகின்றது.

பற்கள் அரைக்கும்போதே உமிழ்நீர் ஊறிக் கலக்கின்றது. ஒரு நாளில் ஏறத்தாழ 1 முதல் 1½ லிட்டர் வரை அது சுரக்கின்றது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் பொருள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றவல்லது. குழம்பு, உப்பு எதுவும் சேராத வெறுஞ்சோற்றை ஒரு பிடி வாயிலிட்டு, விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்று பாருங்கள். மெல்லிய இனிப்புத் தட்டும். அதுவே செரிமானம் தொடங்கியதற்குச் சான்று.

அமெரிக்காவில் 1822-இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் இரைப்பை வரை செல்லும் துளையொன்று மூடாமலே நின்றுவிட்டது. வில்லியம் போமன்ட் என்ற இராணுவ மருத்துவர் பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அத்துளை வழியே இறக்கி, எது எப்பொழுது கரைகின்றது எனப் பார்த்தார். (நம் பட்டு நூல் எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது பாருங்கள்!) 1833-இல் அவர் வெளியிட்ட நூலில், நுண்ணிதாகப் பிளவுண்ட உணவு எளிதில் செரிக்கின்றது என்பதும் ஒரு முடிவாகும்.

ஆயினும் மிகைப்படுத்தலாகாது. விரைந்து விழுங்கிய சோறு செரிக்காமலே போய்விடுவதில்லை. கணையநீர் பின்னர் அதைக் கவனித்துக்கொள்ளும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோரேஸ் பிளெச்சர் என்ற அமெரிக்கர், உணவு நீராகும் வரை மெல்ல வேண்டுமென்று ஊர் ஊராகப் பேசினார். அவ்வளவு வேண்டியதில்லை. தறியை விட்டு எழுந்து, ஐந்தே நிமிடத்தில் தண்ணீரை ஊற்றிச் சோற்றை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பும் வழக்கத்தை விட்டாலே போதும்.

பல் விழுந்த முதியவர் வெற்றிலையைச் சிற்றுரலில் இடித்து வாயிலிட்டுக்கொள்வதை வீடுகளில் கண்டிருக்கின்றோம். வெற்றிலைக்கு உரல் வைத்தோமேயன்றி அவருடைய உணவுக்கு வைக்கவில்லை. கடலையும் கீரைத்தண்டும் பச்சைக் காய்களும் ஒவ்வொன்றாக அவர் இலையை விட்டு நீங்குகின்றன. கஞ்சியும் குழைந்த சோறுமே எஞ்சுகின்றன. கடைவாய்ப்பல் போனால் சத்தும் குறைவது இவ்விதமே.

நெசவாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அறுந்த இழையை முடிச்சிட்டு, மிஞ்சிய நுனியை முன்பல்லால் கடித்தெறிவது தறிமேடையில் அன்றாடக் காட்சி. நாள்தோறும் ஒரே இடத்தில் நூல் படுவதால் பல்லின் விளிம்பில் சிறு பள்ளம் விழுகின்றது. பல்லின் மேலுள்ள எனாமல் உடலிலேயே கடினமான பொருள். ஆனால் எலும்பு கூடுவதுபோல் அது மீண்டும் வளர்வதில்லை. ஒரு சிறு கத்தரிக்கோலைத் தறிக்கருகில் தொங்கவிட்டுக்கொள்வதில் செலவு என்ன இருக்கின்றது?

எல்லாவற்றினும் பெரிய இழப்பு குழந்தைகளுக்கு நேர்கின்றது. ஏறத்தாழ ஆறாம் வயதில், பாற்பற்கள் எல்லாவற்றிற்கும் பின்னால், மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு இடம்விட்டு எந்தப் பாற்பல்லும் விழுவதில்லை. ஆதலால் பெற்றோர் அறிவதே இல்லை. அதில் கருமை கண்டாலும், “பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று இருந்துவிடுகின்றனர். அது விழுந்தால் முளைக்காது. ஆறு வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பற்களின் மேற்பள்ளங்களைப் பாருங்கள். இரவில் வெல்லமோ மிட்டாயோ தின்றபடி உறங்கவிடாமல், அப்பற்கள் வரை தேய்க்கப் பழக்குங்கள். கருமை தெரிந்தால் வலிக்காகக் காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு பள்ளமாக இருக்கும்போது எளிதில் அடைத்துவிடலாம். வேர் வரை சென்று சீழ் பிடித்த பின் அதைப் பிடுங்கவும் நேரலாம்.