அருங்காட்சியகமான வீடும் ஆகாத வீடும்

நம் காரைக்கால் 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமானது. இடையில் ஆங்கிலேயர் சில முறை பிடித்துக்கொண்டதும் உண்டு. 1954 நவம்பர் 1-ஆம் நாள் அவர்கள் ஆட்சி முடிந்தது. தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த 215 ஆண்டுகளில் இங்கிருந்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தார்கள், எதில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதைக் காணப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், வரலாற்று ஆசிரியையான சிஸ்டருடன் சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரி சென்றோம்.

செயிண்ட் லூயி வீதியில், பாரதி பூங்காவுக்கு அருகில், பிரெஞ்சுக் காலத்துக் கட்டடம் ஒன்றில் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல வெயில், ஆனால் உள்ளே குளுமையாக இருந்தது. காரணத்தைச் சிஸ்டர் விளக்கினார்கள். பருத்த செங்கல் சுவர். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. கூரை மிக உயரமாதலால் வெப்பக் காற்று மேலே போய்விடுகிறது. சாய்ந்த பலகைகள் கோத்த ஜன்னல் கதவுகள் காற்றை விட்டு வெயிலைத் தடுக்கின்றன. அக்காலக் கூரைகளில் மர உத்தரங்களின்மேல் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டார்களாம்.

பிரெஞ்சு நாற்காலிகள், நிலைக்கண்ணாடிகள், கடிகாரங்களுக்கிடையே ஆளுநர் டூப்ளே படுத்ததாகச் சொல்லப்படும் கட்டிலையும் கண்டோம். டூப்ளே 1754-இல் ஊர் திரும்பிவிட்டார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். பிரெஞ்சுப் பகுதியில் இன்று நாம் காணும் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பின் கட்டியவை. அப்படியானால் வீட்டைவிடக் கட்டிலுக்கு வயது அதிகம்!

எல்லோரையும் சிரிக்க வைத்தது 'புஸ்புஸ்' வண்டி. உட்காருபவர் முன்னால் ஒரு கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். வேலையாள் பின்னாலிருந்து தள்ளுவார். பிரெஞ்சில் 'பூஸ்ஸே' என்றால் தள்ளு என்று பொருள். பெயரே வேலையைச் சொல்கிறது. தள்ளியவர் பெயர்தான் எங்கும் இல்லை.

ஆனால் எங்கள் மனத்தில் தங்கியது அரிக்கமேட்டுப் பானை ஓடுகள்தாம். 1945-இல் வீலர் அங்கே அகழ்ந்தபோது, எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே தோண்டினார். இத்தாலியின் அரெட்சோ நகரத்து மட்பாண்டத் துண்டுகளின் காலம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அதே அடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பானைகளுக்கும் காலம் கணிக்க முடிந்தது. குறிப்பு இல்லையேல் ஓடு வெறும் ஓடு என்றார் சிஸ்டர்.

பேருந்தில் திரும்பும்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் பேசாமல் வந்தாள். விசாரித்தால், காரைக்காலில் அவள் பாட்டியின் வீட்டை விலை பேசி முடித்துவிட்டார்களாம். வாங்குகிறவர் இடிக்கப்போகிறார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் அங்கே போனோம். கீழே திண்ணை, முற்றம், மரத்தூண்கள். மாடியிலோ வளைவுகளும் காரைத் தூண்களும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் இப்படித்தான், கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக நிற்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால், அந்நகரின் அன்றாடச் செய்திகளில் எத்தனையோ நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

நூலும் அளவு நாடாவும் கொண்டு முற்றத்தை அளந்தோம். தூணுக்கு எண் கொடுத்தோம். "இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப் போறீங்க, பிள்ளைகளா?" என்று பாட்டி சிரித்தார்கள். பிறகு அவர்களே எழுந்து வந்து, எந்த அறையில் யார் பிறந்தார், எந்த ஜன்னலோரம் தாத்தா பத்திரிகை படிப்பார் என்று சொல்லத் தொடங்கினார்கள். புஸ்புஸ் வண்டியைப் பற்றித் தம் தந்தையார் சொல்லக் கேட்டதுண்டாம்.

இருகதவு வாசலுக்கு மரக்கடைக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டார். பொங்கலுக்குப் பின் வீட்டை ஒப்படைக்க வேண்டும். மாடியில் இன்னும் இரண்டு அறைகள் அளக்கவில்லை. வரும் சனிக்கிழமை ஏணியும் கொண்டு போகிறோம்.