அக்கம்பக்கம் அறிந்து மரபணு வாங்கும் கிருமிகள்

நம்பிக்கை: அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் உடம்புக்கு அது பழகிவிடும், அப்புறம் மருந்து கேட்காது.

பழகுவது உடம்பல்ல, கிருமி. மருந்தை எதிர்க்கும் திறன் பாக்டீரியாவின் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணு தாய் செல்லிலிருந்து சேய் செல்லுக்கு மட்டும் போவதில்லை. பக்கத்தில் வாழும் வேறு இனக் கிருமிக்கும் போகும். மாத்திரையே தொடாத ஒருவருக்கும் மருந்து கேட்காத கிருமி தொற்றலாம்.

நம்பிக்கை: கிருமிகளுக்குள் மரபணு கைமாறுவது வெறும் தற்செயல்.

பல இனங்களில் அப்படியில்லை. எப்போது வாங்குவது என்பதை அவை வெளியிடும் ரசாயன சமிக்ஞைகள் முடிவு செய்கின்றன. நிமோனியா கிருமி விஷயத்தில் இதை ஆய்வாளர் அலெக்சாண்டர் டோமாஸ் 1965-லேயே காட்டிவிட்டார்: செல்கள் வெளிவிடும் ஒரு பொருள், கூட்டம் முழுவதையும் டிஎன்ஏ ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. சில ஆன்டிபயாட்டிக்குகளே இந்த அமைப்பைத் தூண்டிவிடுகின்றன என்பது 2006-இல் தெரியவந்தது. தேவையில்லாமல் மருந்து வாங்கி விழுங்குபவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

காலரா கிருமியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதுவரை அறியப்பட்டிருந்த அதன் 138 வகைகளில் கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 மட்டுமே. 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் புதிய வகை ஒன்று தென்பட்டது. ஓ139 என்று பெயரிட்டார்கள். சில மாதங்களில் அது கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. முன்பே ஓ1 தொற்றுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் விட்டுவைக்கவில்லை. உள்ளே இருந்தது பழைய ஓ1 தான். மேலுறையை உருவாக்கும் மரபணுத் தொகுதி மட்டும் வெளியிலிருந்து வந்து பழையதன் இடத்தைப் பிடித்திருந்தது. சல்ஃபமெத்தாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் தாவும் மரபணுத் துண்டு ஒன்றும் கூடவே இருந்தது.

இந்த மேலுறை மாற்றம் எங்கே நடந்திருக்கக்கூடும்? 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் கேரி ஸ்கூல்னிக் குழுவினர் ஒரு விடை கண்டார்கள். நண்டு, இறால், கோப்பிபாட் எனும் நுண்ணிய நீர்வாழ் உயிரி போன்றவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் மீது வளரும்போது, வெளியே கிடக்கும் டிஎன்ஏவைக் காலரா கிருமி உள்ளிழுக்கிறது. 2007-இல் இதே வழியில் ஓ1 கிருமியை ஆய்வகத்தில் ஓ139 ஆக மாற்றியும் காட்டினார்கள்.

கைட்டின் மட்டும் போதாது, கூட்டமும் வேண்டும். ஒவ்வொரு செல்லும் சிஏஐ-1 என்ற மூலக்கூறை வெளிவிட்டபடியே இருக்கிறது. செல்கள் குறைவாக இருந்தால் அது நீரில் கலந்து போய்விடும். அந்நிலையில் கிருமி ஒரு நொதியைச் சுரந்து, சுற்றிலும் உள்ள டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். செல்கள் பெருகி மூலக்கூறு அடர்ந்ததும் ஹாப்ஆர் என்ற புரதம் உருவாகிறது. அது நொதியை நிறுத்துகிறது, டிஎன்ஏவை உள்ளே கொண்டுவரும் மரபணுக்களையும் இயக்குகிறது. செல்லிலிருந்து நீளும் மெல்லிய இழை டிஎன்ஏவைத் தூண்டில்போலப் பற்றி இழுப்பதை இண்டியானா பல்கலைக்கழகத்தினர் 2018-இல் படமெடுத்தே காட்டினார்கள். அதே வேளையில், பக்கத்து செல்களைக் குத்திக் கொல்லும் கருவியும் இயங்கத் தொடங்குகிறது. டிஎன்ஏ கிடைக்கட்டும் என்று இக்கிருமி காத்திருப்பதில்லை, கொன்று எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு ஏற்பாட்டையும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை: சமிக்ஞை என்றாலே மரபணுப் பரிமாற்றத்தைக் கூட்டுவதுதான்.

தடுப்பதும் உண்டு. மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸில் ஐசிஇபிஎஸ்1 என்ற தாவும் துண்டு இருக்கிறது. அதை வைத்திருக்கும் செல்கள் 5 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடை வெளிவிடுகின்றன. சுற்றிலும் அது நிறைந்திருந்தால், அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் துண்டு இருக்கிறது என்று பொருள், தாவல் அடங்கிவிடும். குடலில் வாழும் என்டெரோகாக்கஸில் முறை வேறு: பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையம் இல்லாத செல் விடும் பெப்டைடை உணர்ந்து, பிளாஸ்மிட் உள்ள செல் ஒட்டும் தன்மை பெற்று அதனுடன் ஒட்டிக்கொள்கிறது.

நம்பிக்கை: இந்தச் சமிக்ஞைகளை அடைக்கும் மருந்து வந்தால் தொல்லை தீர்ந்தது.

ஆசை நியாயமானது, அவசரம்தான் ஆபத்து. காலரா கிருமியில் டிஎன்ஏ வாங்கலைத் திறந்துவிடும் ஹாப்ஆர்தான், நோய் உண்டாக்கும் மரபணுக்களை அடக்கவும் செய்கிறது. சமிக்ஞையை அடைத்தால் பரிமாற்றம் குறையலாம், ஆனால் நோயின் வீரியம் அடங்காமல் நீடிக்கலாம். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

காலராவைத் தடுக்க எளிய வழிகளும் இருக்கின்றன. வங்கதேசத்தின் மத்லாப் பகுதிக் கிராமங்களில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் சொன்னார்கள் ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர். கோப்பிபாட்டுகளும் அவற்றில் ஒட்டிய கிருமிகளும் துணியிலேயே தங்கிவிட்டன. 2003-இல் வெளியான அந்த ஆய்வின்படி காலரா 48% குறைந்தது. கொதிக்கவைத்த நீர் இதைவிடப் பாதுகாப்பானது. அதற்கு வழியில்லாத இடத்தில் வடிகட்டாத குளத்து நீரைக் குடிக்காதீர்கள்.