தாளம் யார் பொறுப்பு?

ஞாயிறு ஆராதனையில் பாட்டு தொடங்கிய வேகத்தில் முடியாவிட்டால் எல்லாக் கண்களும் டிரம்ஸ் பக்கம்தான் திரும்பும். தாளம் காப்பது டிரம்ஸ்காரர் வேலை என்ற நம்பிக்கை நம் சபைகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழியைச் சுமந்துகொண்டே வாசிக்கும் இளைஞர்கள் பலர். இது நியாயமில்லை.

2017இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், மெட்ரோனோம் ஒலியை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் விரலால் தொடர்ந்து தட்டச் சொன்னார்கள். தனியாகத் தட்டியவர்களைவிட, இருவராகச் சேர்ந்து தட்டியவர்களே அதிகமாக வேகத்தைக் கூட்டினார்கள். சேர்ந்து வாசிக்கும்போது, முந்தியவர் நின்று காத்திருப்பது குறைவு. பிந்தியவர் விரைந்து வந்து சேர்ந்துகொள்வதே அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் இது நடந்தால், யாரும் அறியாமலே பாட்டு ஓடத் தொடங்கிவிடும். ஆகவே ஓடுவது குழு. கீபோர்டில் வலக்கை இடைவெளியே விடாமல் நிரப்புவதும், டாம்பரின் கொஞ்சம் முந்தி விழுவதும், பாடகர் அடுத்த வரியை அவசரமாக எடுப்பதும் அந்த ஓட்டத்தில் பங்காளிகள். டிரம்ஸை மட்டும் திருத்தினால் பயனில்லை.

“சபையின் கைதட்டலைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் போதும்” என்பார்கள். அன்பிலிருந்து வரும் அறிவுரைதான். ஆனால் ஒலியின் கணக்கு அதற்கு இடம் தராது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டரைக் கடக்க 3 மில்லிசெகண்ட். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிக் கடைசி பெஞ்சில் இருப்பவர் காதை அடி எட்டும்போதே கிட்டத்தட்ட 90 மில்லிசெகண்ட் தாமதம். அவர் அதைக் கேட்டுத் தட்டும் தட்டு மேடைக்குத் திரும்ப இன்னொரு 90. நிமிடத்துக்கு 120 அடி செல்லும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே உள்ளது 500 மில்லிசெகண்ட்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிந்திய கைதட்டலை நம்பி வாசித்தால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். உயர்ந்த கூரையுள்ள பழைய ஆலயங்களில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் தனித்தனி அறைகளில் இருவரை அமர்த்தி, ஒருவர் கைதட்டலை மற்றவர் ஹெட்போனில் கேட்கும்படி செய்தார்கள். தாமதம் 10 மில்லிசெகண்டுக்கும் குறைவாக இருந்தபோது வேகம் கூடியது. 25ஐத் தாண்டியபோது குறைந்தது. 25 மில்லிசெகண்ட் என்பது எட்டரை மீட்டர் தூரம். மேடையின் ஒரு மூலையில் டிரம்ஸையும் மறு மூலையில் பேஸ் கிட்டாரையும் வைக்கும் சபைகள் இதை ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அவற்றை வாசிப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்து வாசிப்பதுதான் செலவில்லாத முதல் திருத்தம்.

மெட்ரோனோமின் கிளிக் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது அரை உண்மை. மெல்ட்செல் என்பவர் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றது 1815இல். அன்றிலிருந்து அது நல்ல ஆசான்தான். ஆனால் டிரம்ஸ்காரர் காதில் மட்டும் கிளிக் ஒலித்தால், மற்றவர்கள் முன்னே ஓட, அவர் மட்டும் பின்னே பிடித்து இழுப்பார். எல்லோருக்கும் கொடுங்கள். ஒத்திகையில் நான்கு ஆவர்த்தனம் ஒலிக்கவிட்டு, நான்கு ஆவர்த்தனம் நிறுத்தி, மறுபடி ஒலிக்கும்போது எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள். குழுவின் உண்மையான நிலை அப்போது தெரிந்துவிடும்.

மெதுவான பாட்டு எளிது என்பதும் தவறு. நிமிடத்துக்கு 60 அடி என்றால் அடிகளுக்கு நடுவே ஒரு முழு நொடி காலியாக இருக்கிறது. தடம் மாற அவ்வளவு இடம். மனதுக்குள் அதை நான்காகப் பிரித்து எண்ணுபவர்தான் நிற்பார்.

எனக்கு மிகவும் பிடித்த மருந்து நம்மிடமே இருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் கீர்த்தனைகள் கர்நாடக இசையின் தாளங்களில் அமைந்தவை. கையில் தாளம் போட்டுக்கொண்டே பாட ஏற்றவை. ஒத்திகையில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, டிரம்ஸ்காரரும் கீபோர்டுகாரரும் உட்பட எல்லோரும் தாளம் போட்டுப் பாடட்டும். காலப்பிரமாணம் உடம்புக்குள் இறங்குவது இப்படித்தான். இந்தப் பழக்கத்தை விட்டதால்தான் ரூபக தாளத்தில் உள்ள கீர்த்தனையைக்கூட நான்கடி டிரம் பீட்டுக்குள் திணித்துச் சிதைக்கிறோம். இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரவசம் கூடும்போது வேகமும் கூடும், அதைத் தடுக்கக் கூடாது என்று உண்மையான பக்தியோடு நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேகம் கூட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆராதனை நடத்துபவர் கையசைத்து, குழு முழுவதும் ஒன்றாகக் கூட்டினால் அது இசை. தானாக நழுவிக் கூடினால், மூச்சு வாங்கி முதலில் பாட்டை நிறுத்துகிறவர்கள் முதியவர்கள். உணர்ச்சியை உயர்த்த ஒலியின் அளவும் கருவிகளின் சேர்க்கையும் போதும்: முதல் சரணத்தில் கீபோர்டு மட்டும், அடுத்ததில் பேஸ், பல்லவி திரும்பும்போது முழு டிரம்ஸ். அடி மட்டும் முதல் வரியில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கடைசி பெஞ்சில் இருக்கும் பாட்டியும் முழுப் பாட்டையும் பாடி முடிப்பார்.