வெங்கட்டுக்கு ஓட்டு கேட்கப்போகும் பேத்திக்கு

திருவதிகை

அன்புள்ள பேத்திக்கு,

பள்ளிக்கூடப் பட்டிமன்றத்தில் 'ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் வெங்கட்ராகவனுக்கு இடம் உண்டா, இல்லையா' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள், உனக்கு 'உண்டு' அணி, தாத்தா பாயிண்ட் எழுதி அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். அனுப்புகிறேன். ஆனால் பாதி பாயிண்ட் எதிரணிக்குச் சாதகமாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் சொல்லப்போவதை நீ முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருந்தால்தான் மேடையில் திணற மாட்டாய்.

அந்தப் பட்டியலை 2009 ஜனவரியில் ஐசிசி தொடங்கியது. சர்வதேச ஆட்டத்தை விட்டு 5 வருஷம் ஆன பிறகுதான் ஒருவர் பெயரை எடுப்பார்கள். முதல் வருஷமே இந்தியாவிலிருந்து பேடி, கபில், கவாஸ்கர் உள்ளே போனார்கள். பிறகு கும்ப்ளே, திராவிட், டெண்டுல்கர், மன்கட், சேவாக், டயானா எடுல்ஜி, நீத்து டேவிட், 2025-ல் தோனி. நம் சுழல்பந்து நால்வரில் பேடி மட்டும்தான் இருக்கிறார், பார்த்தாயா? பிரசன்னா இல்லை, சந்திரசேகர் இல்லை, வெங்கட்டும் இல்லை. உன் அணிக்கு முதல் சிக்கலே இதுதான். வாசலில் வெங்கட் தனியாக நிற்கவில்லை. அவருக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

எதிரணி கணக்கோடுதான் வரும். வெங்கட் 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36.11. பிரசன்னா 49 டெஸ்டில் 189, சராசரி 30.38. சந்திரா என்கிற சந்திரசேகர் 58 டெஸ்டில் 242, சராசரி 29.74. பேடி 67 டெஸ்டில் 266, சராசரி 28.71. ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்ததைப் பார்: சந்திரா 16 தடவை, பேடி 14, பிரசன்னா 10, வெங்கட் 3. ஒரு விக்கெட்டுக்கு அவருக்கு ஏறக்குறைய 95 பந்து ஆனது. அதாவது கிட்டத்தட்ட 16 ஓவர். சந்திராவுக்கு 11 ஓவர் போதும். இதை மறைக்கப் பார்க்காதே. 'சராசரி முக்கியமில்லை' என்று ஆரம்பித்தால் அரங்கம் சிரித்துவிடும்.

இந்த இடத்தில் உன் அணியில் யாராவது எழுந்து 'பாவம், பிரசன்னா இருந்ததால் வெங்கட்டுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை' என்பார்கள். எங்கள் தலைமுறை சென்னைக்காரர்கள் எல்லாரும் டீக்கடையில் சொன்னதுதான். ஓரளவு உண்மையும் கூட. இருவருமே ஆஃப் ஸ்பின். பேடியும் சந்திராவும் இருக்க, இன்னொரு ஸ்பின்னருக்கு இடம் இருந்தால் ஒருவருக்குத்தான். நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1967-ல் பர்மிங்ஹாமில். 1974-ல் டெல்லி டெஸ்டில் கேப்டன் பட்டோடிக்குக் காயம் என்று வெங்கட்டைக் கேப்டனாக்கினார்கள்; அடுத்த டெஸ்டில், கொல்கத்தாவில், அதே மனிதர் பன்னிரண்டாவது ஆள். இந்தக் கதையைச் சொன்னால் கைதட்டு நிச்சயம்.

ஆனால் எதிரணியில் விவரம் தெரிந்த ஒரு பையன் இருந்தால் எழுந்து கேட்பான்: '1971-ல் என்ன நடந்தது?' அந்த வருஷம் வாடேகர் கேப்டன், வெங்கட் துணைக் கேப்டன். இங்கிலாந்தில் மூன்று டெஸ்டிலும் வெங்கட் ஆடினார், பிரசன்னா மூன்றிலும் வெளியே உட்கார்ந்திருந்தார். பட்டோடிக்குப் பிரசன்னா பிடிக்கும், வாடேகருக்கு வெங்கட் பிடிக்கும். வாய்ப்பு போனது இரண்டு பக்கமும்தான். ஒரு சமாதானத்தை உன் ஆளுக்குச் சொல்லும் முன், அதையே எதிராளிக்கும் சொல்ல முடியுமா என்று பார். முடியுமென்றால் அது உனக்கு உதவாது.

சரி, நல்ல பக்கத்துக்கு வருகிறேன். 1965-ல் சென்னையிலேயே நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். அதே தொடரின் கடைசி டெஸ்ட் டெல்லியில். அப்போது அவருக்கு 19 வயது. முதல் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 80-க்கு 4. ஆட்டமும் தொடரும் இந்தியாவுக்கு. 1971-ல் வெஸ்ட் இண்டீஸ் மண்ணில் முதன்முறையாகத் தொடரை ஜெயித்தோமே, அதில் கவாஸ்கர் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். இந்தியப் பந்துவீச்சாளர்களில் அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட், 22. உன் அணிக்கு இதைவிடக் கனமான பாயிண்ட் கிடையாது. 'வெளிநாட்டில், ஜெயித்த தொடரில், முதல் ஆள்' என்று அழுத்திச் சொல்.

ரஞ்சியைப் பற்றிப் பேசினால் ஜாக்கிரதை. ரஞ்சி உட்பட எல்லா முதல்தர ஆட்டங்களிலும் சேர்த்து 1,390 விக்கெட், சராசரி 24.14. பெரிய எண்தான். ஆனால் அந்தக் காலத்தில் உள்ளூரில் சுழல்பந்து வீசியவர்கள் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்று தெரிந்தால் அந்த எண் தனியாக மின்னாது. 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாய் 151, 113. நம் தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்தோடு முடிந்துபோனது. நம் ஸ்பின்னர்களுக்காகத் தோதாகப் போட்ட பிட்ச் என்று பேசிக்கொண்டார்கள். அதில் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5 என்று நம்மைச் சுருட்டியவர் பத்மாகர் ஷிவல்கர். ஒரு டெஸ்ட்கூட ஆடாதவர்! நம்மூர் வி.வி. குமார் லெக் ஸ்பின்னர். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே 64-க்கு 5. அதோடு இன்னொரு டெஸ்ட், அவ்வளவுதான். முதல்தரத்தில் 599 விக்கெட், 20-க்கும் குறைந்த சராசரி. அந்த 600-ஆவது விக்கெட்டை யாராவது அவருக்கு எடுக்க விட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம். ரஞ்சியை அளவுகோலாக எடுத்தால் இவர்களையும் உள்ளே அழைக்க வேண்டிவரும், தெரிந்துகொள்.

அளவுகோல் சண்டை வேறு ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் இதே மாதிரி ஒரு மண்டபம். 1936-லிருந்தே தேர்வு நடக்கிறது. பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள், நூற்றுக்கு 75 வேண்டும். அங்கே பந்து எறிகிறவரைப் பிட்சர் என்பார்கள். சாண்டி கோஃபாக்ஸ் என்ற பிட்சர் முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதிலேயே நிறுத்திவிட்டார், மொத்தம் 165 வெற்றிதான். ஆனால் கடைசி ஐந்து வருஷம் அவரை யாராலும் அடிக்க முடியவில்லை. 36 வயதில் மண்டபத்துக்குள் போய்விட்டார். பெர்ட் பிளைலெவன் என்பவர் 287 வெற்றி. 1992-ல் ஆட்டத்தை முடித்தவரை, 14-ஆவது தேர்தலில்தான், 2011-ல், உள்ளே விட்டார்கள். உச்சிக்கு எடையா, நீளத்துக்கு எடையா என்று அவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சண்டை நமக்குப் புதிது இல்லை. நம் கோயிலில் வரிசையாக நிற்கிற அறுபத்துமூவரைப் பார்த்திருக்கிறாயே. சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத் தொகைதான் அந்தப் பட்டியலுக்கு மூலம். அதில் கண்ணப்பர் இருக்கிறார், ஆறே நாள் பக்தி. நம்மூர் மண்ணை மிதித்த அப்பரும் இருக்கிறார், 81 வயது வரை உழவாரப்படையும் கையுமாக நடந்தவர் என்பார்கள். ஆறு நாளையும் ஒரு ஆயுளையும் சுந்தரர் ஒரே பட்டியலில் வைத்தார். ஆனால் ஆறு நாளானாலும் அந்த ஆறு நாளில் உச்சம் இருக்க வேண்டும், நீளமானால் நீளம் முழுக்கத் தொண்டு இருக்க வேண்டும். அரைகுறை உச்சத்தையும் அரைகுறை நீளத்தையும் கூட்டி அவர் யாரையும் சேர்க்கவில்லை. பந்துவீச்சில் வெங்கட்டின் கஷ்டம் அங்கேதான். டெல்லி 1965, கரீபியன் 1971 என்று உச்சி உண்டு, ஆனால் தொடர்ச்சி இல்லை. 1965-லிருந்து 1983 வரை நீளம் உண்டு, நடுவே பள்ளம் பள்ளமாக இருக்கிறது.

கேப்டன்சியைத் தொடாதே என்பது என் யோசனை. 1975, 1979 இரண்டு உலகக் கோப்பைக்கும் அவர்தான் கேப்டன், கிழக்கு ஆப்பிரிக்காவை ஜெயித்தது ஒன்றுதான் மிச்சம். 79-ல் டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத இலங்கையிடமும் தோற்றோம். இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று விமானி மைக்கில் அறிவித்ததாகச் சொல்வார்கள். மனுஷனுக்கு அவமானம். அதைக் கேட்டு அரங்கம் இரக்கப்படும், ஓட்டுப் போடாது.

உன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டத்தை முடித்துவிட்டு அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய் நின்றார். 1993-லிருந்து 2004 வரை 73 டெஸ்டுக்கு நடுவர். ஆடியதைவிட நின்றது அதிகம்! 2002-ல் ஐசிசி எலைட் குழு அமைத்தபோது அதில் இருந்தவர். ஒரு ஆஃப் ஸ்பின்னர், கல்லியில் பேட்டுக்கு அருகே நின்று கேட்ச் பிடித்தவர், பிறகு உலகம் முழுக்கத் தீர்ப்புச் சொன்னவர். ஒரே உடம்பில் இத்தனையும் எத்தனை பேருக்கு அமைந்தது? கூப்பர்ஸ்டவுனில் 1953-லேயே பில் கிளெம் போன்ற நடுவர்களைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பு: 'பந்துவீச்சாளர் வெங்கட்டுக்கு இல்லை, கிரிக்கெட்டுக்காரர் வெங்கட்டுக்கு இடம் வேண்டும்' என்று கேள். முதல் பாதியை நீயே விட்டுக்கொடுத்துவிட்டால் எதிரணியின் நோட்டில் பாதிப் பக்கம் வீணாகிவிடும்.

என் ஓட்டு என்ன என்று கேட்பாய். பந்துவீச்சுக்கு மட்டும் என்றால் முதலில் சந்திரா, அடுத்து பிரசன்னா. அவர்கள் போகாமல் வெங்கட் போனால் ஊர்ப்பாசம் என்றுதான் பெயர் வரும், நம் ஊர்க்காரர் என்றாலும் அதை நான் ஒப்பமாட்டேன். மொத்த ஆளுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'உண்டு'. நம் கிரிக்கெட் வாரியம் சி.கே. நாயுடு விருதை நால்வருக்கும் சேர்த்தே கொடுத்தது, 853 விக்கெட்டுக்கும் ஒரே மாலை. அது சுந்தரர் தொகையடியார் என்று கூட்டமாக வணங்கினாரே, அந்த மாதிரி. நால்வருக்கும் சேர்த்துக் கொடுத்தது சரிதான் என்பேன்.

'பட்டியலில் இல்லை என்றால் மதிப்பில்லை' என்று எதிரணி முடித்தால், நம்மூர்த் திலகவதியாரைச் சொல். தம்பி அப்பரைச் சைவத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த அக்காள், அறுபத்துமூவரில் இல்லை. திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரும் இல்லை. திருவதிகையில் அந்த அம்மாளைக் கும்பிடாமல் யாராவது வெளியே வருகிறார்களா என்று கேள்.

நிச்சயம் யாராவது அஸ்வினை இழுப்பார்கள். 106 டெஸ்ட், 537 விக்கெட், 37 தடவை ஐந்து. 2024 டிசம்பரில்தான் முடித்தார், 5 வருஷம் ஆக வேண்டும், அதனால் இந்த மேடையில் அவர் பெயர் செல்லாது என்று சொல்லிவிடு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசி: உள்நாட்டில் 383 விக்கெட், சராசரி 21-க்கும் 22-க்கும் நடுவில், எதிராளியின் சொந்த மண்ணில் 150, சராசரி 30-ஐத் தாண்டுகிறது. அவர் முறை வரும்போது சண்டை இந்த இரண்டு எண்ணைச் சுற்றித்தான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து பண்ருட்டி பஸ்ஸில் அம்மாவோடு வந்துவிடு. பேச்சை ஒருமுறை பேசிக் காட்டு. நான் எதிரணியாக உட்காருகிறேன், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
தாத்தா